எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, மாகறல் பஸ் நிறுத்தத்தில் உத்திரமேரூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையில் ஒரு தூக்கு. அதில் நொய்க்கஞ்சி. ஷாகிரா மிஸ்ஸின் வயிற்றில் கொஞ்ச நாளாக அது ஒன்றுதான் தங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அவருடைய கணவர் அமீர் பாய்.

"டீச்சரம்மா, கெளம்பிட்டீங்களா?"

"பஸ்ஸுக்கு நிக்கறேன் பாய். இதோ வந்துடுவேன்."

அந்தப் பக்கம் யாரோ ஓதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மெதுவா வாங்க. இனிமே அவசரம் இல்ல."

பஸ் வந்தது, ஏறினேன். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டது காதில் விழுந்தும் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்டார். பக்கத்தில் இருந்த அம்மாள்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உத்திரமேரூர் குடுப்பா" என்று வாங்கிக் கொடுத்தார்.

ஷாகிரா பானு அவர்களைக் கடைத்தெருவில் பலருக்கும் 'செருப்புக்கடை பாய் சம்சாரம்' என்று தெரியும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய சிலருக்கு அவர் இங்கிலீஷ் மிஸ். கடைசி ஆண்டுகளில் அவர் பார்த்த வேலை என்னவென்று அந்தத் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கடல் கடந்த தேசத்து ஆஸ்பத்திரிகளில், இங்கிலீஷ் தெரியாத தமிழ் நோயாளிகளுக்கும் அவர்களுடைய டாக்டர்களுக்கும் நடுவில், போன் வழியாக மொழிபெயர்த்துச் சொல்கிற வேலை அது. அதே வேலையை, செருப்புக்கடைக்கு மேலே இருந்த அதே அறையில், எதிர் மேஜையில் உட்கார்ந்து பார்த்தவள் நான். தெரிந்தவர்களோடு சேர்ந்து அழவும், தெரியாதவர்களுக்கு அவரைச் சொல்லவும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் முதலில் சந்தித்தது உத்திரமேரூரில் அப்போது இருந்த ஒரு சிறிய தனியார் பள்ளியில். இருவரும் இங்கிலீஷ் ஆசிரியைகள். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்றாலும் மூத்தவர் என்ற தோரணையை அவர் ஒரு நாளும் காட்டியதில்லை. ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்ததும் முதல் கரண்டி எதிரே இருப்பவர் தட்டுக்குப் போய்விடும். குரல் சன்னமாக இருக்கும். சிரிப்பு மட்டும் பெரிது.

ஒரு கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்பது என்று இங்கிலீஷில் ஒரு பாடம் உண்டு. புத்தகத்தில் அதற்கு உதாரணங்கள் எல்லாம் ஒரே மாதிரி. ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியுமா, மணி என்ன ஆகிறது என்று தெரியுமா. ஷாகிரா மிஸ் அவற்றைத் தாண்டிப் போய்விடுவார்.

"நம்ம ஊர்ல ஸ்டேஷனே இல்ல. யாரப் போய்க் கேக்கறது, கலா?" என்பார்.

அவர் கொடுத்த உதாரணங்கள் வேறு. என்மேல் எவ்வளவு கோபமாக இருக்கிறாய் என்று சொல். அவன் எவ்வளவு பயந்துபோயிருந்தான் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் இதில்தான் திணறுவார்கள். அவள் எவ்வளவு துக்கமாக இருக்கிறாள் என்பதற்கு 'ஹவ் சேட் ஷி இஸ்' என்று வர வேண்டிய இடத்தில் 'ஹவ் ஷி இஸ் சேட்' என்று எழுதிவிடுவார்கள். எவ்வளவு என்று கேட்க நினைத்தது எப்படி என்று ஆகிவிடும். "அந்த ரெண்டு வார்த்தையும் கைகோத்துக்கினு முன்னாடி வரணும். ஒண்ண வுட்டுட்டு ஒண்ணு வரக் கூடாது" என்று கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டுவார்.

ஒரு நாள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எட்டிப் பார்த்தேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, என் அம்மா எவ்வளவு துக்கமாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை என்பதை வழக்கமான அந்தத் தப்போடு எழுதியிருந்தாள்.

"அதே தப்புதான் மிஸ். மார்க்கைக் குறைச்சிட்டுப் போங்க."

"மார்க்கு கொறைக்கத்தான் போறேன். ஆனா இந்த உதாரணம் நான் குடுத்தது இல்ல, கலா. இது அவ வூட்டுலருந்து வந்தது."

அன்று சாயங்காலம் பர்தாவை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்ணோடு நடந்தே அவள் வீட்டுக்குப் போனார். இருட்டும் வரை அந்தத் தாயோடு உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் என்ன விஷயம் என்று கேட்டேன். "அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க. உன்கிட்டயா சொன்னாங்க?" என்று சிரித்தார். கடைசிவரை சொல்லவில்லை.

கொரோனாவில் மூடிய பள்ளி திரும்பத் திறக்கவே இல்லை. எங்களுக்கு வேலை போனது. மொழிபெயர்ப்பு வேலையைப் பற்றிக் கேள்விப்பட்டது நான். தேர்வு எழுதலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். மாகறலில் எங்கள் வீட்டில் இன்டர்நெட் நிற்காது. அமீர் பாய் மாடி அறையில் இருந்த செருப்புப் பெட்டிகளை எல்லாம் கீழே இறக்கி, இரண்டு மேஜை போட்டு, கரண்டு போனால் தாங்க ஒரு பேட்டரியும் வாங்கி வைத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே காலை ஆகும். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவோம்.

கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள், போருக்குப் பயந்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். இங்கிலீஷ் டாக்டர்கள் நேராக எதையும் கேட்க மாட்டார்கள். 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று ஆரம்பித்து, மனது எவ்வளவு சரியில்லாமல் இருக்கிறது என்பதை அதற்குள் மெல்ல வைப்பார்கள். முதல் வாரம் நான் அதை அப்படியே, 'நான் யோசித்துக்கொண்டிருந்தேன்' என்று சொன்னேன்.

"சரி பிள்ளை, ஆறுதலா யோசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ" என்று போனில் இருந்த முதியவர் காத்திருந்தார்.

எதிர் மேஜையில் ஷாகிரா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "அது கேள்வி இல்ல கலா, கதவத் தட்டறது. 'ஒண்ணு கேக்கலாமா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிடு" என்றார்.

எனக்கு இன்னொரு அனுபவமும் வாய்த்தது. ஓர் அம்மாள், "எனக்குச் சரியான கவலை, தங்கச்சி" என்றார். அவருடைய கவலை நியாயமானது என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகப் பார்த்தார். "இல்லைப் பிள்ளை, அழுதழுது கண் வீங்கிப்போச்சு எண்டு சொல்லுங்கோ" என்று அந்த அம்மாள் குறுக்கிட்ட பிறகுதான் புரிந்தது. அவர்கள் பேச்சில் 'சரியான' என்றால் மிகவும் என்று அர்த்தம். கவலை என்றால் துக்கம். நமக்குக் கவலை நாளை நடக்கப் போவதைப் பற்றியது, அவர்களுக்கு அது நடந்து முடிந்துவிட்டதைப் பற்றியது. இதை ஷாகிரா மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அப்ப இத்தினி நாளா நான் எத்தினி பேரோட துக்கத்த பயம்னு சொல்லிட்டேனோ" என்று முகம் வாடிப்போனார்.

அவரை மாற்றிய ஓர் அழைப்பு உண்டு. நோயாளி யார், எந்த ஊர் என்பதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. அவர் சொன்னதும் இல்லை. நான் கேட்டது அவர் பக்கத்துக் குரலை மட்டும்தான். சமீபத்தில் பிரசவமான ஓர் இளம்பெண். நர்ஸ் கேட்டதை ஷாகிரா மிஸ் தமிழில் கேட்டார். "குழந்தை பிறந்த பிறகு நீங்க எவ்வளவு கவலையா இருக்கிறீங்க எண்டு எனக்குச் சொல்ல முடியுமா?" நெடுநேரம் மௌனம். பிறகு இவர் இங்கிலீஷில், கொஞ்சம் கவலைதான், பரவாயில்லை என்றார். நர்ஸுக்கு அது போதுமாக இருந்தது. நன்றி சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

ஷாகிரா மிஸ் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அடுத்த அழைப்பு வந்து அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"மிஸ், இன்னா ஆச்சு?"

"அந்தப் பொண்ணு 'கொஞ்சம்'னு சொல்றதுக்கு முன்னாடி மூச்சே வரல கலா. என் காதுல அது வுழுந்துது. நர்ஸுக்கும் கேட்டுதான் இருக்கும். ஆனா அவங்களுக்கு நான் குடுத்தது 'எ லிட்டில்'. நான் சொன்னதுல ஒரு வார்த்தை கூடத் தப்பு இல்ல. ஆனாலும் அந்தப் பொண்ணு சொன்னது அங்க போய்ச் சேரல."

"நாம கூட்டிச் சொல்லக் கூடாது இல்ல மிஸ்? அதானே ரூல்?"

"அதான் சொல்லல."

அந்தப் பெண் மறுபடி அவருக்கு வரவே இல்லை. எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், யார் அழைப்பு யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது. பல மாதங்கள், இளம்பெண்ணின் குரல் வரும்போதெல்லாம் அவர் சற்று முன்னால் சாய்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஏமாற்றத்தோடு பழையபடி நாற்காலியில் சாய்வார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதம் மாறியது. நோயாளி சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டு, 'இப்போது பேசுவது மொழிபெயர்ப்பாளர்' என்று அறிவித்து, இந்தச் சொல்லை எங்கள் ஜனங்கள் மரியாதைக்காகவும் சொல்வதுண்டு, இன்னொரு முறை கேட்டுப் பார்க்க முடியுமா என்பார். சில டாக்டர்கள் கேட்டார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. புகார் போனது.

வேலை தந்த கம்பெனியின் அதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டார். சொல்லுக்கு அர்த்தத்தில் சந்தேகம் இருந்தால் மட்டுமே மொழிபெயர்ப்பாளர் தானாகப் பேசலாம், அபிப்பிராயம் சொல்ல உரிமை இல்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆளாளுக்குக் கூட்டிக் குறைத்துச் சொன்னால் நோயாளிகளின் கதி என்ன ஆவது? ஷாகிரா மிஸ் முழுவதும் கேட்டுக்கொண்டார். கடைசியில் அந்தச் சன்னக் குரலில், 'ஐ அம் நாட் ஷூர் யூ நோ ஹவ் அஃப்ரெய்ட் தே ஆர்' என்றார். அவர்கள் எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்பது எனக்கு நிச்சயமில்லை. நேராகக் கேட்டிருந்தால் அது சண்டை. இப்படிச் சொன்னதில் மரியாதையும் குறையவில்லை, சொல்ல வந்ததும் குறையவில்லை. அதிகாரி போனை வைத்துவிட்டார். ஆனால் அன்று முதல் அவருக்கு வரும் அழைப்புகள் குறைந்துபோயின. பாதி நாள் என் மேஜை பேசிக்கொண்டிருக்க அவர் மேஜை சும்மா இருக்கும். அப்போதெல்லாம் ஜன்னல் வழியாக ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வருத்தமா என்று கேட்டால், "பேஜார்தான். இன்னா பண்றது" என்பார்.

போன வருடம் மழைக்காலத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வயிற்று வலி, அல்சர் என்று பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மாதம் ஓட்டினார். காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவியிருந்தது. ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். ஒரே மகள் ஷமீமா கைக்குழந்தையோடு வாணியம்பாடியில். பாய் கடையை மூட முடியாத நாட்களில் நான் கூடப் போவேன்.

டாக்டர் இளைஞர், நல்லவர். வலி எப்படிம்மா இருக்கு என்று கேட்டார்.

"பரவால்ல டாக்டர். தாங்கிக்கலாம்."

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"மிஸ், போன்ல ஒருத்தர் இதே மாதிரி சொன்னா நீங்க வுட்டுடுவீங்களா?"

அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். வியர்த்திருந்தது.

"அது வேற யாரோட ஒடம்போ, கலா. அத எடுத்துச் சொல்றது என் வேல. இது என்னுது. சொன்னா வூட்டுக்கு வந்துடும். அந்த மனுசன் ராவெல்லாம் முழிச்சிக்கினு ஒக்காந்திருப்பாரு. மறுநா கடை தொறக்கணும். ஷமீமா கொயந்தையத் தூக்கிக்கினு ஓடியாருவா. அவர்கிட்ட நீயும் வாயத் தொறக்காத."

சரி என்றேன். வேறென்ன சொல்வது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மிகவும் மோசமானவை. மாடியில் படுத்திருக்கும் மிஸ், அமீர் பாய் ஏறி வரும் காலடி கேட்டால் எழுந்து உட்கார்ந்து தலைமுடியைச் சரி செய்துகொள்வார். அவர் இறங்கிப் போனதும் தலையணையைக் கடித்துக்கொள்வார். ஒரு நாள் நான் கீழே இறங்கி வரும்போது கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. பாய் ஒரு ஜோடிச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, ஒரு நிமிசம். எவ்ளோ வலிக்குதுன்னு அது என்கிட்ட சொல்ல மாட்டேங்குது. நானும் கேக்காத நாள் இல்ல. நல்லா கீறேன்னுதான் சொல்லுது. உங்ககிட்டயாச்சும் சொல்லுதா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கட்டிய மனைவி மேலே துடித்துக்கொண்டிருக்க, கீழே செருப்புத் துடைத்துக்கொண்டிருக்கும் மனிதர். அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"பாய், ரொம்ப வலிக்குது. நீங்க நெனக்கறத விட ரொம்ப. நீங்க மேல வர்றப்போ மட்டும் அடக்கிக்கறாங்க."

அவர் அந்தச் செருப்பைப் பெட்டியில் வைத்தார். பெட்டியை மூடினார். "தெரியும் டீச்சரம்மா" என்றார். "ஆனா தெரியாத மாதிரி இருந்தாதான் அதுக்கு நல்லதுன்னு நெனச்சேன்." பட்டப்பகலில் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு மாடி ஏறினார். நான் ஊருக்குப் போய்விட்டேன்.

அடுத்த நாள் போனபோது ஷாகிரா மிஸ் என்னோடு பேசவில்லை. கஞ்சியை வாங்கிக்கொண்டார், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. எனக்கு அது மிகவும் கஷ்டமாக இருந்தது. அடுத்த தடவை போனபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் தூங்கிக்கொண்டிருந்தார், ஒரு கை மிஸ்ஸின் காலைப் பிடித்தபடி. மேஜையில் புது மருந்து. டாக்டரிடம் அவரே போய் எல்லாவற்றையும் சொல்லி, வலிக்குப் பலமான மருந்தாக எழுதி வாங்கி வந்திருந்தார்.

"நீ சொல்லியிருக்கக் கூடாது" என்றார் மிஸ், பாய் எழுந்துவிடாதபடி மெதுவாக.

"தெரியும் மிஸ்."

"அவரு எப்படி அழுதாரு தெரியுமா? கல்யாணம் ஆனதுலருந்து நான் பாத்ததே இல்ல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "நானும் அழுதேன். சத்தமா. அப்புறம் ரெண்டு பேரும் தூங்கிட்டோம். ரொம்ப நாளைக்கப்புறம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஷமீமாவை வரவழைத்தார்கள். குழந்தை கட்டிலில் தவழும். மிஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கடைசி ஞாயிற்றுக்கிழமை, மருந்து மயக்கத்தில் இருந்தவர் கண் திறந்து, "கலா, அந்தப் பொண்ணோட கொயந்தைக்கு இப்ப ஓடற வயசு இருக்கும் இல்ல?" என்றார். ஷமீமாவுக்குப் புரியவில்லை, யாரம்மா என்றாள். எனக்குப் புரிந்தது, போனில் 'கொஞ்சம்' என்று சொன்ன அந்த இளம்பெண். "இருக்கும் மிஸ். ஓடிக்கினு இருக்கும்" என்றேன். உண்மையில் எனக்கு எதுவும் தெரியாது. இனியும் தெரியப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். ஷமீமா என்னைக் கூட்டத்தில் இருந்து முன்னால் இழுத்து வந்தாள். வெள்ளைத் துணிக்கு நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. நெற்றிச் சுருக்கம் மறைந்திருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் மாடி ஜன்னலில் நின்றோம். கடைத்தெரு திருப்பம் வரை தெரிந்தது. பிறகு ஒரு நெல் லாரி குறுக்கே வந்து நின்றுவிட்டது. லாரி நகர்ந்தபோது தெரு காலியாக இருந்தது.

மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் பாய் திரும்பி வந்தார். காலில் ஈரமண். மூடிய ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்தார். வருகிறவர்கள் எல்லாம் தோளைத் தொட்டு, தைரியமாக இருங்கள், அல்லாஹ் பொறுமையைத் தருவான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் தலையாட்டினார். கூட்டம் கலைந்த பிறகு ஷமீமா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. என் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. பாயிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

"போய்ட்டு வாங்க டீச்சரம்மா. நான் நல்லா கீறேன்" என்றார்.

நான் போகவில்லை. ஷமீமா பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவு கஷ்டமா கீதுன்னு சொல்லுங்க பாய்."

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். டீயைத் தள்ளி வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். நிக்காஹ் நாளில் ஷாகிரா மருதாணிக் கையோடு இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததில் இருந்து, காலையில் கடைசியாகத் தண்ணீர் கேட்டது வரை. நடுவில் அழுதார். ஷமீமா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். பஸ் போனது. கடைத்தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

ஷாகிரா மிஸ், உங்கள் வலி அடங்கிவிட்டது. நாங்கள் எவ்வளவு துக்கமாக இருக்கிறோம் என்று சொல்ல எனக்கு இரண்டு மொழியிலும் சொல் போதவில்லை. நிம்மதியாக உறங்குங்கள்.